பெட்டியில் இடமில்லை

ஜெர்மன்காரரிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தாலே தெரியும், ஒரு சொல் தொடங்கினால் அடுத்த வரிக்கும் போய்த்தான் முடியும். அப்படிப்பட்டவர்கள், மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் டிவியில் ஓடுவதைப் பதிந்து வைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அவுஃப்னாமெ. இந்தக் கஞ்சத்தனத்தால் நான் என் மனுசனைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அந்தச் சொல் முதன்முதலில் என் கைபேசிக்கு வந்தது ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், ஒரு சிறுவர் காப்பகத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். எழுபது பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக்கையோடு எடுத்து, கண்ணாடி போடாததால் எட்டத்தில் பிடித்து வாசித்தேன். ‘உங்கள் அவுஃப்னாமெ நிறுத்தப்பட்டது. கைன் பிளட்ஸ்.’ இடமில்லை.

என் மனுசன் அல்பேர்ட்டுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. நவம்பரில் சுரங்க ரயில் படியில் மயங்கி விழுந்தபோதுதான் தெரியவந்தது. புது வால்வு வைக்க வேண்டும், மார்ச் நாலாம் தேதி வந்து சேருங்கள் என்று நாள் குறித்து டெர்மின் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் தாங்குமா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். தாங்க வேண்டும் என்றார். தாங்கும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குமேல், இடமில்லை என்ற சொல் எனக்குப் புதிதல்ல. எண்பத்தாறாம் ஆண்டு மன்னாரிலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது எங்களை முதலில் நிறுத்திய மண்டபத்துக்கும் அவுஃப்னாமெ என்றுதான் பெயர். மூன்று நாள் வரிசையில் நின்றோம். மேசைக்குப் போனால் அந்த மனிதர் தலையை நிமிர்த்தாமலே சொல்லுவார், கைன் பிளட்ஸ். இருபத்திரண்டு வயதில் நான் கற்ற முதல் ஜெர்மன் அதுதான். காலை வணக்கம் சொல்லப் பிறகுதான் படித்தேன்.

கத்தியைப் போட்டுவிட்டு மா மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் ஓடிப்போய், ஆஹென் நகரில் வேலை செய்யும் என் மகன் பென்ஜமினை அழைத்தேன். வாய் குழறியது.

“அப்பாவை எடுக்கமாட்டினமாம், தம்பி. இடமில்லையாம். மெசேஜ் வந்திருக்குது.”

வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அந்தப் பக்கத்தில் சிரித்தான்.

“அம்மா, அது ஆஸ்பத்திரி இல்லை. டிவிப் பெட்டி. நான் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கித் தந்தனே, அந்த ரெக்கோடர். அவுஃப்னாமெ எண்டா ரெக்கோடிங்கும்தானே. உள்ளுக்கை இருக்கிற ஹார்ட் டிஸ்க் நிரம்பிப்போச்சு. அதைத்தான் சொல்லுது.”

“அது ஏன் எனக்குச் சொல்லுது?”

“அப்பான்ரை பழைய போனிலை ஒண்டும் வாசிக்கேலாதெல்லோ. அதாலை உங்கடை நம்பரைக் குடுத்தனான். இனி வந்தால் யோசியாதேங்கோ, அழிச்சு விடுங்கோ.”

என் நம்பர். ஆஸ்பத்திரிக்கும் அதே காரணத்துக்காக அதே நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இது அன்று எனக்கு உறைக்கவில்லை, படித்த அவனுக்கும் உறைக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அல்பேர்ட்டைப் பிடித்து ஏசினேன். இந்த மனுசன் இருபத்தெட்டு வருடம் வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பனியைக் கண்டால் வீட்டு வாசலில்கூடச் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். ஆனால் டிவியில் அவருக்குப் பிடித்ததோ, வெள்ளைக்காரப் பொடியன்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமலை உச்சியிலிருந்து வழுக்கி வந்து காற்றில் பாய்கிற போட்டி. எந்த நாட்டில் எந்த மலையில் பாய்ந்தாலும் பெட்டியில் பிடித்து வைத்துவிடுவார். அந்தப் பாய்ச்சலால்தான் பெட்டி நிரம்பியது என்று நான் சத்தம் போட்டேன். நான் அழுகிறேன் என்று கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கித்தான் அவரால் பேச முடியும்.

“பெட்டியிலை இடமில்லையாம் எண்டதுக்கு… நீர் ஏன் அழுறீர்? இடமில்லாட்டில்… எனக்கு நல்லதுதானே.”

பெட்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பெட்டியும் உண்டு, ஆள் நீளத்துக்குச் செய்வது. பகிடி விடுகிறாராம். உங்கடை வாயைக் கழுவுங்கோ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றேன்.

அந்தப் பெட்டியில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று, அதன் நிறுத்துகிற பொத்தான். ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அப்படியே நிறுத்தி வைக்கலாம். நாங்கள் எழும்பிப் போனாலும் பெட்டி மிச்சத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும், வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். அல்பேர்ட் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அதை அழுத்துவார். நான் அடுப்படியில் நின்று காதை முன்னறையில் வைத்திருப்பேன். டிவியில் சனம் கத்துகிற சத்தம் கேட்கும்வரை அவர் இருக்கிறார் என்று அர்த்தம். திடீரென்று வீடு சத்தமில்லாமல் போகும். கையில் இருப்பது அகப்பையோ கத்தியோ, அப்படியே ஓடுவேன். கதிரை வெறுமையாக இருக்கும். டிவியில் ஒருவன் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருப்பான், ஏறவும் மாட்டான் இறங்கவும் மாட்டான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

“நிப்பாட்டுறதெண்டால் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ,” என்றேன். அன்றிலிருந்து, “பற்றிமா, நான் நிப்பாட்டுறன்,” என்று கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். அது இன்னும் மோசம்.

பெட்டியும் என்னை விடவில்லை. அவுஃப்னாமெ தொடங்கியது, அவுஃப்னாமெ பிந்தியது, ஒரே நேரத்தில் மூன்று அவுஃப்னாமெ வருகிறது, எது வேண்டும் என்று உறுதிப்படுத்துங்கள். ஒரு நாளைக்கு நாலு ஐந்து வரும். முதல் கிழமை ஏழு நாளும் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு பதறியது. இரண்டாம் கிழமை கண்ணாடி போட்டு வாசித்தேன். மூன்றாம் கிழமை அந்தச் சொல்லைக் கண்டதும் பெருவிரல் தானாக அழித்தது. கிழங்கு சீவுகிற வேகத்தில் நான் அழிப்பதைப் பார்த்து, கூட வேலை செய்யும் துருக்கிக்காரி சிரிப்பாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். வாழ்நாள் முழுக்கப் பயந்த ஒரு சொல்லுக்கு இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை. பிள்ளைகளுக்குப் பால்சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன். ‘உங்கள் அவுஃப்னாமெ முன்னுக்கு மாற்றப்பட்டுள்ளது. செவ்வாய் 11.02., காலை 07:30. இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதிப்படுத்தவும்.’ கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. பால் பொங்கி வரத் தொடங்கியது. அழித்துவிட்டுப் பானையை இறக்கினேன்.

அன்று நான் வீடு திரும்பியபோது அல்பேர்ட் வழக்கம்போலக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தேன். அவரைச் சீண்டத்தான் வாயைத் திறந்தேன்.

“உங்கடை பொடியன்களுக்கு விசர் முத்திப்போச்சுது. செவ்வாய்க்கிழமை விடியக்காலமை ஏழரைக்குப் பாயப் போறாங்களாம். பெட்டி மெசேஜ் அனுப்பினது.”

“அது சப்போரோவா இருக்கும்,” என்றார். “ஜப்பான். அங்கை நேரம் வேறை. எங்களுக்கு விடிய… அவங்களுக்குப் பின்னேரம்.”

விளக்கம் சரியாகத்தான் இருந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ரிமோட்டை எடுத்தார்.

“ஆனால் சப்போரோ சனி ஞாயிறெல்லோ. பதினஞ்சு, பதினாறு.” பெட்டியில் இனி வரப்போகிற பதிவுகளின் பட்டியலைத் திறந்தார். விரலால் ஒவ்வொன்றாக இறங்கினார். “செவ்வாய்க்கிழமை ஒண்டும் இல்லை, பற்றிமா. ஏழரைக்கு ஒண்டுமே இல்லை. நீர் என்னத்தை வாசிச்சனீர்?”

கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன், வைத்த இடம் மேசையின் விளிம்பு. தேத்தண்ணி கம்பளத்தில் கொட்டியதை இரண்டு பேரும் பார்த்தோம், ஒருவரும் துடைக்கவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றேன். “நான் உங்களை அழிச்சுப்போட்டன்.”

போனில் அழித்தவை எங்காவது கிடக்குமா என்று தேடினேன். எனக்குத் தெரிந்த இடமெல்லாம் தேடினேன். பென்ஜமினை அழைத்தேன், எடுக்கவில்லை. மன்னார்க்காரருக்குப் பொருள் தொலைந்தால் அந்தோனியார் இருக்கிறார். திறப்புக் கொத்து, தோடு, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துத் தந்திருக்கிறார். தொலைந்ததைத் தேடித் தருகிறவரிடம், என் கையாலேயே அழித்ததைத் தேடித் தா என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

சுவர் மணிக்கூட்டில் ஐந்து முப்பத்தொன்று. ஆஸ்பத்திரிக் கடிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதிலிருந்த இலக்கத்தை அழுத்தினேன். இயந்திரக் குரல் ஒன்று, அவுஃப்னாமெக்கு இரண்டை அழுத்துங்கள் என்றது. அழுத்தினேன். உங்களுக்கு முன்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்றது. பிறகு பியானோ வாசித்தது.

நேரே போகலாமா என்று பார்த்தால் இரண்டு பஸ், ஐம்பது நிமிடம். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. அல்பேர்ட் எனக்குக் கேட்கட்டும் என்று டிவியை நிறுத்தினார். நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். திரையில் மஞ்சள் உடுப்புக்காரன் ஒருவன் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆகாயத்தில் நின்றான்.

ஆறு பேர். மணி ஐந்து நாற்பது. ஐந்து பேர். என் கண் அல்பேர்ட்டின் சட்டையில் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் நாலுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. இடம் போய்விட்டால் இந்தச் சட்டையை இருபத்தாறு நாள் இப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் ஒரு நாள் அது ஏறாமல் நின்றால், கொன்றது வால்வு இல்லை, என் பெருவிரல்.

“போனாப் போகுது,” என்றார் அவர். “மார்ச்சிலை… எடுப்பினம்தானே.”

“சும்மா இருங்கோ,” என்று சீறினேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும். அவருக்கு அது தெரியும்.

ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு ஒரு பெண்ணின் குரல் வந்தது. அந்த நிமிடம் முப்பத்தொன்பது வருட ஜெர்மனும் என்னை விட்டுப் போய்விட்டது. பாடசாலை ஆசிரியரோடு வாதாடியிருக்கிறேன், வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை பிடித்திருக்கிறேன், ஒரு வார்த்தை வரவில்லை. என் மனுசன் என்றேன். செவ்வாய் என்றேன். அவுஃப்னாமெ, யா, யா, தயவுசெய்து யா என்றேன். அவள் பொறுமையாகப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவருடைய சத்திரசிகிச்சை தள்ளிப்போனதால் இந்த இடம் கிடைத்ததாம், ஆறு மணிக்குப் பட்டியலில் அடுத்தவருக்குப் போயிருக்குமாம். அப்போ உறுதிப்படுத்துகிறீர்களா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று அல்பேர்ட் பக்கத்திலிருந்து சொன்னார். யா என்றேன்.

பென்ஜமின் பிறகு அழைத்து அழுதான். தன்னுடைய பிழை என்றான். ஆஹெனில் இருந்தபடியே பெட்டியின் மெசேஜ்களை எல்லாம் அடைத்துவிட்டான். “இனி அவுஃப்னாமெ எண்டு வந்தால் அது ஆஸ்பத்திரிதான், அம்மா,” என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, அவுஃப்னாமெ என்று பெரிய எழுத்தில் எழுதிய கதவு வழியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உடுப்பு மாற்றிக் கட்டிலில் ஏறியதும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. “சனிக்கிழமை சப்போரோ. பெட்டி நிரம்பிக் கிடக்குது. இடம் இருக்குதோ எண்டு… ஒருக்காப் பாரும்.”

புதன்கிழமை விடிய அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் செபமாலையோடு இருந்தேன். பதினொன்று ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. ‘உங்கள் அவுஃப்னாமெ நிறுத்தப்பட்டது. கைன் பிளட்ஸ்.’

பெட்டியை அடைத்தாகிவிட்டது. இனி இந்தச் சொல் வந்தால் ஆஸ்பத்திரிதான் என்று மகன் சொல்லியிருந்தான். எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அங்கே நின்ற தாதியிடம் போனை நீட்டினேன். என் மனுசனை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன். அவள் முழுவதையும், கடைசி வரிவரைக்கும் வாசித்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

“இது உங்கள் டிவி,” என்றாள்.

பெட்டி இரவு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, அடைத்து வைத்ததையெல்லாம் திறந்துவிட்டதாம். பென்ஜமின் பிறகு சொன்னான். ஒரு மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். வால்வு பொருந்திவிட்டது, ஆனால் கண் திறக்க நேரம் எடுக்கும், வீட்டுக்குப் போங்கள், அழைக்கிறோம் என்றார். கண் திறப்பாரா என்று கேட்க நினைத்தேன். திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

வீட்டில் அவருடைய கதிரையில் இருந்தேன், ஒரு வேலை இருந்தால் நல்லது என்று ரிமோட்டை எடுத்தேன். பதிந்து வைத்தவற்றின் பட்டியலை அதுவரை நான் திறந்து பார்த்ததே இல்லை. பனிப்பாய்ச்சல்: இருபத்திரண்டு. அதற்குக் கீழே எனக்குப் பிடித்த ஆஸ்பத்திரி நாடகத் தொடர்: நூற்று எழுபத்தாறு.

நத்தாருக்கு பென்ஜமின் எனக்காக ஒரே ஒரு பொத்தானை அழுத்தி வைத்திருந்தான். தொடர் முழுக்கப் பிடி என்று. பெட்டி சொன்னபடி செய்திருக்கிறது. காலையில் போவதையும் பிடித்தது, அதையே பின்னேரம் மறுபடி போடுவதையும் பிடித்தது, இன்னொரு சேனலில் பழையதைப் போடுவதையும் பிடித்தது. அதில் பத்துக்கூட நான் பார்க்கவில்லை. இடமில்லை என்று பெட்டி கத்தியது என்னாலே. பழி முழுவதையும் மூச்சு விட ஏலாத மனுசனின் தலையில் போட்டேன். அவர் பட்டியலைத் தினமும் பார்த்தவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாவதைத் தெரிவு செய்து அழிக்கிற பொத்தானை அழுத்தினேன். திரை கேட்டது: ‘இந்த அவுஃப்னாமெயை உண்மையாகவே அழிக்கவா?’ யா, நைன், அதாவது ஆம், இல்லை. பெருவிரல் நகரவில்லை. கண்ணாடியைப் போட்டு, தலைப்பை வாசித்து, தேதியை வாசித்து, இது என்னுடையதுதான், அவருடையதல்ல என்று வாய்விட்டுச் சொல்லி, அதன் பிறகு யா என்றேன். ஒவ்வொன்றுக்கும் பெட்டி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அப்படியே செய்தேன். எண்பதாவதோ என்னவோ அழிக்கும்போது போன் அடித்தது.

காலையில் தோளில் கை வைத்த அதே தாதி.

“உங்கள் கணவர் கண் திறந்துவிட்டார். ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்களுக்கு விளங்கவில்லை. பெட், பெட் என்கிறார். பெட்டில்தான் இருக்கிறீர்கள் என்று சொன்னோம், இல்லை என்று தலையாட்டுகிறார். பெட்டி என்கிறார். அது உங்கள் பெயரா?”

ஜெர்மனில் பெட் என்றால் கட்டில். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இடம் எடுத்துவிட்டேன், சனிக்கிழமைக்கு வேண்டியளவு இடம் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருடைய பழைய பகிடி நினைவுக்கு வந்தது. இப்போதுதான் கண் திறந்த மனுசனுக்கு, பெட்டியில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்லி அனுப்புவது?

“அவரிட்டை சொல்லுங்கோ,” என்று தமிழில் தொடங்கி, ஜெர்மனுக்கு மாறினேன். “பெட்டி, கைன் பிளட்ஸ் என்று சொல்லுங்கள். அவருக்கு இடமில்லை என்று மனைவி சொன்னதாகச் சொல்லுங்கள்.”

“அப்படியேவா?” என்றாள் அவள்.

“அப்படியே.”

அவள் போனைக் கீழே பிடித்துக்கொண்டு சொல்வது எனக்குக் கேட்டது. கொஞ்சநேரம் இயந்திரத்தின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு இருமல், இருமலுக்குள் சிரிப்பு. சிரிக்க வேண்டாம், தையல் நோகும் என்று தாதி அவரை ஏசினாள்.